வடக்குத்துக் கரும்புள்ளி

கொளஞ்சிநாதனுக்குச் சுடுகாட்டில் குடியிருக்க ஆசை என்று வடக்குத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. சுத்தப் பொய். அவருக்கு இருந்த ஆசை ஒரு வீடு கட்டவேண்டும் என்பது மட்டும்தான். சுடுகாட்டைக் கொண்டுவந்து அதில் சேர்த்தது மண்டலத் திட்டமிடல் வாரியம். அது என்ன வாரியம், யாருக்காக எதைத் திட்டமிடுகிறது என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது. போர்டு மாட்டியிருக்கிறார்கள், ஜீப் நிற்கிறது, மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது. ஆக, திட்டம் என்று ஏதோ ஒன்று இருக்கத்தான் வேண்டும்.

போன ஐப்பசி மழையில் கொளஞ்சிநாதனின் பழைய மண்சுவர் வீடு அப்படியே உட்கார்ந்துவிட்டது. அவருக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. மண்ணை ஏற்றிக்கொண்டு ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை வாரிப் போடவேண்டும். வாரி முடிப்பதற்குள் மறுபடி சிந்திவிடும். மனைவி மலர்கொடி, பிளஸ் ஒன் படிக்கிற மகள் அபி. மூன்று பேரும் பெட்டி படுக்கையோடு சுரங்கத்து டவுன்ஷிப்பில் மலர்கொடியின் அண்ணன் சாமிக்கண்ணுவின் குவார்ட்டர்ஸுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சாமிக்கண்ணு அதே சுரங்கத்தில் பர்மனென்ட். தங்கமான மனுஷர், ஒரு நாளும் மூஞ்சி சுளிக்கவில்லை. ஆனால் அவருக்கு வருகிற சித்திரையோடு ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பண்ருட்டியில் மகன் வீட்டு மாடிக்குப் போகிறார். அந்த மாடியில் அவருக்கே இடம் நெருக்கடிதான். அதற்குள் கொளஞ்சிநாதன் நாலு சுவரையும் ஒரு கூரையையும் எழுப்பியாகவேண்டும். மனை இருக்கிறது, பட்டா இருக்கிறது, கொத்தனாரிடம் பேசியாகிவிட்டது. அப்ரூவல்தான் பாக்கி.

ஊராட்சி அலுவலகத்தில் கேட்டதற்கு, இப்போதெல்லாம் வாரியத்தின் வரைபடச் சம்மதம் இல்லாமல் ஒரு கக்கூஸ்கூடக் கட்ட முடியாது, அதை வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். கொளஞ்சிநாதன் ஒரு ஷிப்ட்டை விட்டுவிட்டு வாரியத்துக்குப் போனார்.

வாரியம் டவுன்ஷிப்பில் ஒரு பழைய குவார்ட்டர்ஸில் நடந்துகொண்டிருந்தது. வாசலில் பலாமரம், துணி காயவைக்கிற கம்பி, எல்லாம் அப்படியே இருந்தன. உள்ளே மட்டும் மனுஷர் குடியிருப்பதற்குப் பதிலாக வரைபடங்கள் குடியிருந்தன. கூடத்தில் நிலப்பயன் வரைபடம், அடுப்படியில் சமவுயரக் கோட்டு வரைபடம், ஸ்டோர் ரூமில் போக்குவரத்து வரைபடம். எல்லாமே ஆள் உயரத்துக்கு அச்சடித்து, மேலும் கீழும் குச்சி வைத்துத் தொங்கவிட்டவை. வரைபட அலுவலர் இளம்பரிதி கையில் ஒரு நீண்ட பிரம்போடு ஒவ்வொரு அறையாக அழைத்துப்போனார். அறைக்குள் நுழையும்முன் செருப்பைக் கழற்றச் சொன்னார்.

கொளஞ்சிநாதனுக்கு இது எதற்கு என்றே புரியவில்லை. ஊர் பத்து நிமிஷத் தொலைவு. ஜீப் வாசலில் நிற்கிறது. அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், ஒரு எட்டு வந்தீங்கன்னா எடத்தயே காமிச்சிடறங்க."

இளம்பரிதி கோபப்படவில்லை. இப்படிக் கேட்கிறவர்களை நிறையப் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

"இடத்தப் பாத்து நாங்க என்னங்க பண்றது? இடம் மாறும். மழை பேஞ்சா மாறும், சுரங்கம் வந்தா மாறும். நேத்து மேடா இருந்தது இன்னைக்குப் பள்ளம். அச்சுல ஏறின வரைபடம் மட்டும்தான் மாறாது. அதனாலதான் இத நம்புறோம்."

கம்ப்யூட்டரில் பார்த்தால் ஆகாதா என்றும் கேட்டார் கொளஞ்சிநாதன். கம்ப்யூட்டரில் இருப்பது படம், தாளில் அச்சாகி முத்திரை விழுந்தால்தான் அது வரைபடம் என்று பதில் வந்தது.

முதலில் கூடம். நிலப்பயன் வரைபடத்தில் மஞ்சள் என்றால் குடியிருப்பு, ஊதா என்றால் தொழிற்சாலை, பச்சை என்றால் விவசாயம். இளம்பரிதி பிரம்பை ஓட்டிப் பார்த்து, "நீங்க மஞ்சள்" என்றார். வாழ்நாளில் முதல் தடவையாகத் தான் என்ன நிறம் என்று தெரிந்துகொண்ட கொளஞ்சிநாதனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அடுத்து அடுப்படி. அங்கே சமவுயரக் கோடு ஒன்று அவர் மனையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. அதாவது மனையில் பாதி மேடு, பாதி பள்ளம். மனை மட்டமாகத்தான் இருக்கிறது, தண்ணீர் ஊற்றினால் நிற்கிற இடத்தில் நிற்கும் என்று கொளஞ்சிநாதன் சொல்லிப் பார்த்தார். கோடு போகிறதே என்றார் இளம்பரிதி. கடைசியில் கூடத்துக்கு நடுவே ஒரு படி வைத்துக் கட்டிக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொள்ளவேண்டியதாயிற்று.

ஸ்டோர் ரூமில் ஒரு சாலைக் கோடு மனைக்குப் பக்கத்தில் போனது. கோட்டின் தடிமனைக் கணக்குப் பார்த்தால் அந்தச் சாலை மூன்று தெருவை விழுங்கியிருக்கவேண்டும். கோடு உங்கள் மனையைத் தொடவில்லை, அதிர்ஷ்டக்காரர் என்று இளம்பரிதி கைகுலுக்கினார். வெள்ள அபாய வரைபடம் குளியலறையில் இருந்தது. குழாய் சொட்டிச் சொட்டி அதில் ஊர்ப்பட்ட கறை. நீலமாக இருந்தால் வெள்ளம், பழுப்பாக இருந்தால் குழாய்த் தண்ணீர் என்று விளக்கம் கிடைத்தது. கொளஞ்சிநாதன் பழுப்பில் இருந்தார், தப்பித்தார்.

கடைசியாகப் படுக்கையறை. அங்கேதான் மண்டலப் பெருவரைபடம் இருந்தது. அதற்குத் திரை போட்டிருந்தார்கள். மற்ற வரைபடங்கள் எல்லாம் இதற்கு உதவிக்கு வந்தவை, இதுதான் முடிவு சொல்லும் என்றார் இளம்பரிதி. திரையை விலக்கினார். பிரம்பு ஏரியைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, மேலத்தெருவுக்கு வந்து நின்றது. கொளஞ்சிநாதனின் மனையில், சரியாக நடுவில், உளுந்து அளவுக்கு ஒரு கரும்புள்ளி.

இளம்பரிதி வரைபடத்தின் மூலையில் இருந்த குறியீட்டு விளக்கக் கட்டத்தைப் பார்த்தார். திரும்ப மனையைப் பார்த்தார். அவர் முகம் துக்கம் விசாரிக்க வந்தவர் முகமாக மாறியது.

"எவ்வளவு காலமா அங்க இருக்கீங்க?"

"எங்க தாத்தா காலத்துலேர்ந்துங்க."

"தாத்தா இப்பவும் அங்கதானா?"

"இல்லீங்க, அவரு செத்து வருஷமாச்சு. அங்கதான் பொறந்தாரு."

"பொறந்தாரா?" என்று இளம்பரிதி சந்தேகமாகக் கேட்டார். பிறகு கட்டத்தைப் படித்துக் காட்டினார். கரும்புள்ளி என்றால் மயானம். கொளஞ்சிநாதனின் வீட்டு மனை மண்டலப் பெருவரைபடத்தின்படி ஒரு சுடுகாடு. சுடுகாட்டில் வீடு கட்ட உலகத்தில் எந்த வாரியமும் சம்மதம் கொடுக்காது. இதுவரைக்கும் அங்கே குடியிருந்ததற்கு நடவடிக்கை எடுக்காமல் விடுவதே பெரிய விஷயம் என்று அவர் தணிந்த குரலில் சொன்னார்.

கொளஞ்சிநாதன் வெளியே வந்து பலாமரத்தடியில் உட்கார்ந்தார். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வாரியத்தில் உதவியாளராக இருந்த தமிழ்மொழி என்கிற பெண் டிபன் பாக்ஸோடு அதே மரத்தடிக்கு வந்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு இட்லியை மூடியில் வைத்துக் கொடுத்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். வடக்குத்து என்றதும் அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

"அது சுடுகாடு இல்லைங்க. த்-ஓட புள்ளி."

பெரிய வரைபடத்தில் ஊர்ப்பெயரை ஒரே இடத்தில் நெருக்கி எழுதமாட்டார்களாம். ஊர் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறதோ அவ்வளவு தூரத்துக்கு எழுத்துகளை இழுத்துப் போடுவார்களாம். வ ஒரு வயலில், ட ஒரு தோப்பில், க் ஏரிக்குள்ளே, கு கோயிலுக்குப் பின்னால், த் மேலத்தெருவில், து வாய்க்கால் ஓரம். அந்த த்-வின் தலையில் வைத்த புள்ளிதான் கொளஞ்சிநாதனின் மனையில் வந்து விழுந்திருந்தது. க்-வின் புள்ளி ஏரிக்கு நடுவில் விழுந்ததால் அங்கே ஒரு மயானம் ஏற்பட்டு, அதற்குப் பிணம் கொண்டுபோகப் படகு கேட்டுக் கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறதாம். குள்ளஞ்சாவடிக்கும் பண்ருட்டிக்கும் ஆளுக்கு இரண்டு. அவை முந்திரிக்காட்டில் விழுந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை என்றாள் தமிழ்மொழி.

கொளஞ்சிநாதனுக்கு உயிர் வந்தது. கையைக்கூடக் கழுவாமல் உள்ளே ஓடி, சார், அது எழுத்துப் புள்ளிங்க என்றார். இளம்பரிதி அதிர்ந்துபோவார் என்று எதிர்பார்த்தார். அவரோ நாற்காலியைவிட்டு அசையவில்லை.

"எனக்குத் தெரியாதா? நானும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துலதாங்க படிச்சேன். ஆனா கட்டத்துல என்ன போட்டிருக்கு? கரும்புள்ளின்னா மயானம். எழுத்துக்கு வெக்கிற புள்ளின்னு தனியா ஒண்ணு போட்டிருக்கா? இல்லையே. எனக்குத் தெரிஞ்சத வெச்சு நான் கையெழுத்துப் போட முடியாது. கட்டத்துக்குத் தெரிஞ்சத வெச்சுத்தான் போடணும்."

அந்தக் கட்டத்தில் ஒரு வரி சேர்த்துவிடக் கூடாதா என்று கெஞ்சினார் கொளஞ்சிநாதன். அதில் இடமில்லை, இயக்குநரின் வாழ்த்துரை அச்சாகியிருக்கிறது என்றார் இளம்பரிதி. புது வரைபடம் எப்போது அச்சாகும்? இருபது வருஷத்துக்கு ஒரு தடவை. இது போன வருஷம்தான் அச்சாகி வந்தது. அப்படியானால் கொளஞ்சிநாதன் இன்னும் பத்தொன்பது வருஷம் சாமிக்கண்ணுவின் கழுத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும்.

அன்று வீட்டுக்குப் போய் அவர் நடந்ததைச் சொன்னார். சாமிக்கண்ணு சிரிக்கப் பார்த்தார், தங்கை முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மலர்கொடிக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. புள்ளி வெக்காம எழுதுனா இன்னா, படிக்கிறவனுக்குப் புரியாதா என்று யாரையோ கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு கொளஞ்சிநாதன் வாரியத்துக்கு நடந்த நடை கொஞ்சநஞ்சமல்ல. ஷிப்ட் மாற்றிப் போவார், இளம்பரிதி வெளியூர் கேம்ப் போயிருப்பார். இளம்பரிதி இருப்பார், திரைக்குச் சாவி இருக்காது. இதற்கிடையில் ஊரில் விஷயம் பரவியது. வாரியத்து ஆட்கள் வந்து, அவர் மனையில் ஒரு சின்னப் பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். 'மயானம். அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்.' பக்கத்து மனை மாரியம்மாள் அங்கே மல்லாட்டைக் கடலை காயவைத்திருந்தார். அந்தம்மா தனிக்கட்டை. பலகை நட்ட அன்றே அதை அவசரம் அவசரமாக வாரிக்கொண்டு போய்த் தன் வாசலில் கொட்டினார். மறுபக்கத்துப் பழனிசாமியோடு கொளஞ்சிநாதனுக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. எல்லைக் கல்லை ஒரு சாண் நகர்த்தி வைத்த ஆள் அவர். அவர் பலகையை வந்து படித்துவிட்டுப் போனார்.

ஒரு நாள் காலையில் கொளஞ்சிநாதன் மனையில் முள் வெட்டிக்கொண்டிருந்தபோது அமரர் ஊர்தி ஒன்று வந்து நின்றது. டவுன்ஷிப்பில் யாரோ ரிட்டயரானவர். சொந்த ஊர் தெற்கே எங்கேயோ. அங்கே உறவு யாரும் இல்லாததால் இங்கேயே எரித்துவிடுவது என்று முடிவாம். டிரைவர் வாரியத்தின் பெருவரைபடத்தை மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தார். மயானம் இதுதானே, மேடை எங்கே என்று கேட்டார். கொளஞ்சிநாதன் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, இறந்தவரின் மகனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பிறகு டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டு நிஜமான சுடுகாடுவரைக்கும் வழி காட்டினார். வரைபடத்தில் அந்த இடம் விளையாட்டு மைதானமாக இருப்பதாக டிரைவர் கவலைப்பட்டார். அன்றைக்கு அந்த ஷிப்ட்டும் போயிற்று.

தை பிறந்தது. சாமிக்கண்ணு பீரோவை ஒழிக்க ஆரம்பித்தார். பழைய துணிகளை அவர் மூட்டை கட்டுகிறபோதெல்லாம் மலர்கொடி காலண்டரில் சித்திரைக்கு எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தாள். அந்தச் சமயத்தில்தான் தமிழ்மொழி ஆள் அனுப்பிச் சொன்னாள்: இயக்குநர் செங்குட்டுவன் குறைதீர்க்கும் கூட்டம் போடுகிறார், நேராக அவரிடமே பேசிவிடுங்கள்.

கூட்டம் படுக்கையறையில், பெருவரைபடத்துக்கு முன்னால் நடந்தது. மனு கொடுக்க வந்தவர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். பெயரில் புள்ளியே இல்லாத ஒரு ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். சுற்றுப்பட்டில் எல்லா ஊருக்கும் புது மயானம் கொடுத்துவிட்டு எங்களை மட்டும் ஒதுக்கிவிட்டீர்கள் என்பது அவர்கள் குறை. செங்குட்டுவன் சால்வை போர்த்தப்பட்டு எழுந்தார். குறை கேட்பதற்குமுன் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தார்.

"ஒரு மண்டலம் வளர்ந்திருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? ரோட்டப் பாத்தா? ஆஸ்பத்திரியப் பாத்தா? அதெல்லாம் இடிஞ்சு போற சமாசாரம். வரைபடத்தப் பாக்கணும். நம்ம பெருவரைபடம் வர்றதுக்கு முன்னால இங்க இருந்த மயானம் கைவிரல்ல எண்ணிடலாம். இன்னைக்கு மயான வசதியில மாநிலத்துலயே நாமதான் முதலிடம். இதுக்காக நாங்க ஒரு செங்கல் எடுத்து வெச்சமா? ஒரு சென்ட் நிலம் கையகப்படுத்தினமா? எதுவும் இல்ல. வெறும் அச்சடிச்சே சாதிச்சிருக்கோம். இந்தச் சாதனைக்குப் போன மாசம் நம்ம வாரியத்துக்குக் கேடயம் குடுத்தாங்க. குடுத்தவங்க யாரும் இங்க வந்து பாக்கல. அவ்வளவு நம்பிக்கை."

எல்லோரும் கை தட்டினார்கள். புள்ளியில்லாத ஊர்க்காரர்கள்கூடத் தட்டினார்கள். அவர்கள் பெயருக்குப் பின்னால் 'ஊர்' என்று சேர்த்துக்கொண்டால் ஒரு மயானம் நிச்சயம் என்று இயக்குநர் வாக்குக் கொடுத்தார்.

கொளஞ்சிநாதனின் முறை வந்தது. அவர் நின்ற நிலையிலேயே கைகூப்பி, சார், அந்த ஒரு புள்ளியை மட்டும் எடுத்துடுங்க என்றார். செங்குட்டுவன் அதிர்ந்துபோய்விட்டார்.

"எடுத்தா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? வடக்குதது ஆயிடும். உங்க சொந்த ஊரோட பேரயே கெடுக்கச் சொல்றீங்களே. தமிழ்ல ஒரு எழுத்துப்பிழைகூட வராம அச்சடிச்ச வரைபடம்ங்க இது."

அறையில் நின்றவர்கள் கொளஞ்சிநாதனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவருக்கே ஊருக்குத் துரோகம் செய்ய வந்ததுபோல் ஆகிவிட்டது. ஆனால் செங்குட்டுவன் இரக்கமில்லாதவர் அல்ல. இளம்பரிதியை அழைத்துக் காதில் ஏதோ கேட்டார். பிறகு சொன்னார்: புள்ளியை எடுக்கத்தான் முடியாது, ஆனால் நகர்த்தலாம். அச்சகத்துப் பிசிறு என்று சொல்லி வெள்ளை மையால் அழித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ள இயக்குநருக்கு அதிகாரம் இருக்கிறது. த-வின் தலையைவிட்டு விலகக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

இளம்பரிதி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். த-வின் தலை மூன்று மனை அகலம். நடுவில் கொளஞ்சிநாதன். இடதுபக்கம் தள்ளினால் மாரியம்மாள். வலதுபக்கம் தள்ளினால் பழனிசாமி.

"மனுதாரர் எங்க சொல்றாரோ அங்க வெச்சிடுங்க" என்று செங்குட்டுவன் பெருந்தன்மையாகச் சொன்னார். வெள்ளை மையும் கறுப்புப் பேனாவும் வந்தன. இளம்பரிதி பேனாவைத் திறந்துகொண்டு காத்து நின்றார். கூட்டம் முழுக்கக் கொளஞ்சிநாதனின் வாயைப் பார்த்தது.

மாரியம்மாளை அவர் நினைக்கக்கூட இல்லை. அந்தம்மாவுக்கு அந்த மனையைவிட்டால் போக்கிடம் கிடையாது. ஆனால் பழனிசாமி? சத்தியமாகச் சொல்கிறேன், கொளஞ்சிநாதனின் கண் வலதுபக்கம் போயிற்று. எல்லைக் கல்லை நகர்த்தியவன் தலையில் சுடுகாட்டை நகர்த்தினால் என்ன தப்பு? வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஒரு பெயரைச் சொன்னால் போதும், சித்திரைக்குள் வீடு எழும்பிவிடும், மலர்கொடி நிம்மதியாகத் தூங்குவாள், அபி ஒரு மூலையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பாள். பேச்சுவார்த்தைகூட இல்லாத ஆளுக்காக எதற்கு இவ்வளவு யோசனை? ஆனால் போன வாரம்தான் பழனிசாமியின் மருமகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. முள் வெட்டுகிறபோது அந்தக் குழந்தை அழுகிற சத்தம் அவர் காதில் விழுந்திருந்தது. தொட்டில் கட்டியிருக்கிற வீட்டின் மேல் கொண்டுபோய்ச் சுடுகாட்டை வை என்று எந்த வாயால் சொல்வது?

"வேணாங்க. அது எங்க வூட்டு மேலயே இருக்கட்டுங்க" என்றார்.

செங்குட்டுவனின் முகம் மலர்ந்துவிட்டது. மனுதாரர் தம் மனையில் மயானம் அமைவதை முழு மனத்தோடு வரவேற்கிறார் என்று அப்போதே குறித்துக்கொள்ளச் சொன்னார். இப்படிப் பொதுநலத்தோடு முன்வருகிற ஒருவரை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை என்று தன் சால்வையை எடுத்துக் கொளஞ்சிநாதனுக்குப் போர்த்தினார். தமிழ்மொழி தலையைக் குனிந்துகொண்டாள்.

சால்வையோடு வந்தவரைப் பார்த்து, ஏதோ நல்லது நடந்துவிட்டது என்று மலர்கொடி ஓடிவந்தாள். அவர் சொல்லி முடித்ததும் அந்தச் சால்வையை வாங்கி மூலையில் வீசினாள். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா, உன்னைக் கட்டிக்கொண்டு நான் என்ன சுகத்தைக் கண்டேன் என்று அன்று முழுக்கத் திட்டினாள். அதற்கடுத்த நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"அந்தப் பச்சப்புள்ள பாவத்த நாம கட்டிக்கினு அழ வேணாம். வுடுங்க."

அத்தோடு வீட்டுக் கதை முடிந்தது என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். மாசி மாதம் மனையில் ஒரு லாரி செங்கல் இறங்கியது. இவர்கள் சொல்லி இறங்கியதல்ல. முழு மனத்தோடு வரவேற்கப்பட்ட மயானம் என்பதால் வாரியம் அதை மாதிரி மயானமாக அறிவித்திருந்தது. கான்ட்ராக்டர் வந்தார், அளந்தார், கட்ட ஆரம்பித்தார். அவருக்கு அப்ரூவல் தேவைப்படவில்லை. மயானத்தில் மயானம் கட்ட எதற்கு அப்ரூவல்?

முதலில் பிணத்தோடு வருகிறவர்கள் உட்கார ஒரு காத்திருப்போர் கூடம், பிறகு எரிமேடை என்பது திட்டம். கூடம் கிடுகிடுவென்று எழும்பியது. கான்கிரீட் தளம், டைல்ஸ் தரை, டியூப்லைட், ஃபேன், மேலே தண்ணீர்த் தொட்டி, பின்னால் இரண்டு கழிப்பறை, சுற்றிலும் காம்பவுண்டு. சமவுயரக் கோட்டுக்கு மரியாதை செய்து கூடத்தின் நடுவே ஒரு படி. கொளஞ்சிநாதன் ஷிப்ட் முடிந்து போகிற வழியில் நின்று பார்ப்பார். தன் வாழ்நாளில் இப்படி ஒரு வீட்டைத் தன்னால் கட்ட முடிந்திருக்காது என்று அவருக்குத் தோன்றும். கூடம் முடிந்ததும் வாரியத்தில் நிதியும் முடிந்துவிட்டது. எரிமேடை அடுத்த கட்டத்துக்குத் தள்ளிப்போனது. மேடை இல்லாத சுடுகாட்டுக்கு எந்தப் பிணமும் வரவில்லை.

சித்திரையில் சாமிக்கண்ணு ரிட்டயரானார். மாலை மரியாதை எல்லாம் முடிந்து, குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைக்கிற நாளில், கொளஞ்சிநாதன் ஒரு டாட்டா ஏஸ் பிடித்துச் சாமான்களை ஏற்றினார். எங்கே போவதென்று யாரும் யாரையும் கேட்கவில்லை. வண்டி மேலத்தெருவில் காத்திருப்போர் கூடத்தின் முன்னால் நின்றது. பீரோவை ஒற்றை ஆளாக இறக்க முடியாமல் அவர் திணறியபோது, மறுமுனையைப் பிடித்தது பழனிசாமி. அவருக்கு வாரியத்துக் கூட்டத்தில் நடந்தது எதுவும் தெரியாது. பிடித்தார், இறக்கினார், போனார். மாரியம்மாள் சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

இரண்டு மாதம் நிம்மதியாகப் போயிற்று. அபி படிக்கு மேலே படித்தாள், அவர்கள் படிக்குக் கீழே படுத்தார்கள். பிறகு ஒரு நாள் ஜீப் வந்தது. கட்டிய கூடம் பயன்பாட்டில் இருக்கிறதா என்று ஆய்வு. இளம்பரிதியும் தமிழ்மொழியும் இறங்கினார்கள். தமிழ்மொழி வாசலிலேயே நின்றுகொண்டாள். இளம்பரிதி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பீரோவையும் கொடியில் தொங்கிய துணியையும் அடுப்பில் கொதித்த குழம்பையும் பார்த்தார்.

"இது காத்திருப்போர் கூடம். இங்க யாரும் குடியிருக்கக் கூடாது. காத்துக்கிட்டுத்தான் இருக்கலாம். நீங்க எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கீங்க?"

கொளஞ்சிநாதன் மனைவியைப் பார்த்தார். மலர்கொடி குழம்பைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

"அப்ரூவலுக்குங்க" என்றாள்.

இளம்பரிதி யோசித்தார். விதியில் எதற்காகக் காத்திருக்கவேண்டும் என்று குறிப்பிட்டிருக்கவில்லை. காத்திருப்போர் மூவர், கூடம் முழுப் பயன்பாட்டில் உள்ளது என்று எழுதிக்கொண்டார். அவர் முகத்தில் நிம்மதிகூடத் தெரிந்தது. ஜீப்பில் ஏறும்போது மட்டும் ஒன்று சொன்னார்.

"ஆனா அப்ரூவல் வந்த அன்னைக்கே காலி பண்ணிடணும். அதுக்கப்புறம் இங்க உங்களுக்கு வேலை இல்ல."

கொளஞ்சிநாதன் சரிங்க என்றார். வேறு என்ன சொல்வது, அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

அந்த வாரமே மலர்கொடி அவரையும் அபியையும் கூட்டிக்கொண்டு விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனாள். அங்கே சாமிக்கே மனு எழுதிக் கட்டுவார்கள், பிராது என்று பெயர். களவுபோன மாட்டைக் கேட்டு எழுதுகிறவர்கள் உண்டு, ஓடிப்போன புருஷனைக் கேட்டு எழுதுகிறவர்களும் உண்டு. இவள் எழுதியது இதுதான்: 'அப்பனே, எங்களுக்கு அந்த அப்ரூவல் எந்தக் காலத்திலும் வரக் கூடாது.'

பூசாரி அதை வாங்கி, எந்த ஊர் என்று கேட்டார். வடக்குத்து என்றாள். சரி என்று சாமி முன்னால் கொண்டுபோய் வைத்தார். வரைபடம் எதுவும் கேட்கவில்லை.